விலங்குகளுக்கும் இயற்கைக்கும் கொடை: பிரித்தானியச் சட்டமும் நடைமுறையும்

பிரித்தானியாவில் வாழும் ஒருவர் தன் வீட்டையும் சேமிப்பையும் நாய்களைக் காக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு உயிலில் எழுதி வைத்தால், அதிலிருந்து ஒரு பென்னியைக்கூட அரசு மரபுரிமை வரியாக எடுத்துக்கொள்வதில்லை. அதே சொத்தைத் தன் தம்பிக்கு எழுதி வைத்தாலோ, வரிவிலக்கு வரம்புக்கு மேற்பட்ட பகுதியில் 40 சதவீதம் அரசுக்குப் போய்விடும். தம்பிக்கு இல்லாத சலுகை நாய்க்கு எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்கான விடை நீண்டது. விலங்குகளுக்கும் காடு, கடல், பறவைகளுக்கும் ஒதுக்கப்படும் பணம் 'அறம்' என்ற சட்டப் பெயரைப் பெறுவதற்கு இங்கிலாந்தில் ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றையும், இன்று அந்தப் பணம் எங்கிருந்து வந்து எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதையும், அதற்குள் இருக்கும் முரண்பாடுகளையும் இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது. இங்கே குடியேறிய நம்மவர்களில் பலர் இப்போது உயில் எழுதும் வயதை அடைந்திருக்கிறார்கள். ஊரில் உள்ள விலங்குகளுக்கும் காடுகளுக்கும் உதவ விரும்புவோரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

1601: விலங்கு இல்லாத பட்டியல்

இங்கிலாந்தின் அறக்கொடைச் சட்டத்துக்கு மூலம், முதலாம் எலிசபெத் அரசி காலத்தில் 1601-இல் இயற்றப்பட்ட சட்டம். அதன் முகவுரையில் எவையெல்லாம் அறச்செயல்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. முதியோர், ஏழைகள், காயமுற்ற போர்வீரர்கள், பள்ளிகள், பாலங்கள், துறைமுகங்கள், தேவாலயங்கள், கடல் அணைகள், நெடுஞ்சாலைகள், அநாதைகள், ஏழைப் பெண்களின் திருமணம் என்று அது நீள்கிறது. சாலையும் பாலமும் இடம்பெற்ற அந்தப் பட்டியலில் ஒரு விலங்கின் பெயர்கூட இல்லை.

இதில் வியப்பில்லை. அன்றைய சட்டத்தில் விலங்கு ஒரு பொருள். அதற்கு உடைமையாளர் உண்டு, உரிமை இல்லை. ஆனால் பின்னர் வந்த நீதிபதிகள் எந்தக் கொடையை எடுத்தாலும் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டே தீர்ப்புச் சொன்னார்கள். ஆகவே விலங்குகளுக்காகக் கொடுக்க விரும்பியவர்கள் பட்டியலின் இடுக்குகளில்தான் நுழைய வேண்டியிருந்தது.

கடன் சிறைக்குப் போன நிறுவனர்

கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடைசெய்யும் சட்டத்தை 1822-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதைக் கொண்டுவந்த றிச்சர்ட் மார்ட்டின், அடிமை வணிக எதிர்ப்பாளர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ், ஆதர் புறூம் என்ற மதகுரு முதலானோர் 1824 ஜூனில் இலண்டனில் ஒரு காப்பிக் கடையில் கூடி, விலங்குகளுக்கு எதிரான கொடுமையைத் தடுக்கும் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1840-இல் விக்ரோறியா அரசியின் அனுமதியோடு 'றோயல்' என்ற அடைமொழி சேர்ந்து, அது இன்றைய ஆர்.எஸ்.பி.சி.ஏ. ஆயிற்று.

சட்டம் இருந்தது, அதைக் காவல் காக்கப் பணம் இல்லை. சந்தைகளில் கண்காணிப்பாளர்களை நிறுத்தவும் வழக்குத் தொடுக்கவும் ஆன செலவு சங்கத்தைக் கடனில் தள்ளியது. 1826-இல் அந்தக் கடனுக்காக புறூம் சிறைக்குப் போனார். மார்ட்டினும் லூயிஸ் கொம்பேர்ட்ஸ் என்ற உறுப்பினரும் பணம் திரட்டி அவரை மீட்டனர். பின்னர் சங்கத்தின் செயலாளராகி அதைத் தூக்கி நிறுத்தியவர் இந்தக் கொம்பேர்ட்ஸ். யூதரான அவர், சங்கம் கிறிஸ்தவக் கொள்கையை வலியுறுத்தியதால் விலக நேர்ந்தது. நல்லெண்ணம் மட்டும் ஒரு நிறுவனத்தை நடத்தாது என்பதை முதல் விலங்கு நலச் சங்கம் இவ்வாறுதான் கற்றுக்கொண்டது.

மனிதனுக்கு என்ன பயன்?

19-ஆம் நூற்றாண்டிலிருந்து விலங்குகளுக்கான உயில் கொடைகள் நீதிமன்றத்துக்கு வரத் தொடங்கின. பெரும்பாலும், 'இந்தப் பணம் எங்களுக்கே வரவேண்டும்' என்று உறவினரோ மாற்று உரிமையாளரோ தொடுத்த வழக்குகள் அவை. நீதிபதிகள் கேட்ட கேள்வி ஒன்றே: இதனால் மனிதனுக்கு என்ன பயன்?

1857-இல் முடிவான யாறோ வழக்கு முதல் திருப்பம். தோமஸ் பிறவுண் என்பவர், மனிதருக்குப் பயன்படும் விலங்குகள், பறவைகளின் நோய்களை ஆராய்ந்து குணப்படுத்தும் நிறுவனம் ஒன்றை அமைக்க இலண்டன் பல்கலைக்கழகத்துக்குப் பணம் எழுதி வைத்திருந்தார். அது செல்லும் என்று நீதிமன்றம் கூறியது. விலங்குகள் மனிதருக்குப் பயன்படுபவை என்பது இங்கே முக்கியமாக இருந்தது. நிறுவனம் 1871-இல் இலண்டனில் திறக்கப்பட்டு, 1944-இல் குண்டுவீச்சில் அழிந்தது. இதில் ஒரு கசப்பான முரண் உண்டு. நோயுற்ற விலங்குகளுக்குச் சிகிச்சை அளித்த அதே கட்டடத்தில் விலங்குகள் மீதான பரிசோதனைகளும் நடந்தன. 1880-களில் விக்டர் ஹோர்ஸ்லி குரங்குகளின் தைரொயிட் சுரப்பியை அகற்றி ஆராய்ந்தது அங்கேதான். கொடையாளர் இறந்த பிறகு, கொடையின் பொருளைத் தீர்மானிப்பவர்கள் உயிரோடிருப்பவர்களே.

1889-இல் வந்த டீன் வழக்கு வேறு வகை. தன்னுடைய குதிரைகளையும் வேட்டை நாய்களையும் பராமரிக்க ஆண்டுக்கு 750 பவுண் வீதம் 50 ஆண்டுகள் வரை செலவிடலாம் என்று ஒருவர் எழுதி வைத்திருந்தார். அது செல்லும் என்றார் நீதிபதி. ஆனால் அது பொது அறம் அன்று; தனிப்பட்ட ஏற்பாடு. குறிப்பிட்ட நாய்க்குக் கொடுப்பது வேறு, நாய்களுக்குக் கொடுப்பது வேறு என்ற இந்த வேறுபாடு இன்றும் உண்டு. உங்கள் வீட்டுப் பூனைக்காக ஒதுக்கும் பணத்துக்கு அறக்கொடை வரிச்சலுகை கிடையாது.

1915-இல் வெட்ஜ்வூட் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பொதுவான விதி ஒன்றை வகுத்தது. விலங்குகளைக் காப்பதற்கான கொடை அறமே; ஏனெனில் அது மனிதரிடம் இரக்கத்தை வளர்க்கிறது, கொடுமையை மட்டுப்படுத்துகிறது, அதனால் மனிதகுலம் மேம்படுகிறது. விலங்கின் வலி குறைவது அங்கே வழி மட்டுமே. மனிதனின் மனம் உயர்வதே சட்டம் கண்ட இலக்கு.

இந்தத் தர்க்கம் எங்கே போய் முட்டும் என்பதை 1929-ஆம் ஆண்டின் குறோவ்-கிறேடி வழக்கு காட்டியது. ஒரு பெண்மணி, விலங்குகளும் பறவைகளும் மனிதத் தொல்லை இல்லாமல் வாழ ஒரு புகலிடம் அமைக்கும்படி எழுதி வைத்திருந்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை நிராகரித்தது. மனிதர் நுழையாத இடத்தில் மனிதருக்கு என்ன படிப்பினை? அங்குள்ள விலங்குகள் ஒன்றையொன்று கொன்று தின்னும். மனிதன் கை படாது என்பது மட்டுமே அவற்றுக்குக் கிடைக்கும் நன்மை என்று ஒரு நீதிபதி சுட்டிக்காட்டினார். இன்று நாம் 'காப்புக்காடு' என்று போற்றுவதை அன்று சட்டம் பயனற்ற நிலம் என்று கண்டது.

1947-இல் பிரபுக்கள் சபை மேலும் ஒரு எல்லைக்கோட்டை இழுத்தது. உயிருள்ள விலங்குகள் மீது செய்யும் சோதனைகளை ஒழிக்கப் பாடுபட்ட தேசியச் சங்கம் வருமானவரி விலக்குக் கோரியது. இரண்டு காரணங்களால் அது மறுக்கப்பட்டது. சோதனைகளால் மருத்துவத்துக்குக் கிடைக்கும் நன்மை பெரிது என்பது ஒன்று. சட்டத்தை மாற்றுவதே முதன்மை நோக்கமாக இருந்தால் அது அரசியலே தவிர அறம் அன்று என்பது மற்றது. அடிபட்ட நாய்க்குக் கட்டுப் போட்டால் அறம், அது அடிபடக் காரணமான சட்டத்தை மாற்றக் கேட்டால் அரசியல் என்றாகியது. இன்று அறக்கொடை ஆணையம் இதைச் சற்றுத் தளர்த்தி வைத்திருக்கிறது. தொண்டு நிறுவனம் தன் நோக்கத்துக்குத் துணையாகச் சட்டமாற்றம் கேட்டுப் பிரசாரம் செய்யலாம். அது மட்டுமே அதன் நோக்கமாக இருக்கக்கூடாது.

2006-இல் நடந்த மாற்றம்

காலம் மாறியது. 1978-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் நீதிமன்றம், காட்டுயிர்களைக் காப்பதே பொது நன்மை என்று மக்கள் உணரும் காலம் இது என்று கூறி, 1929-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வழியில் செல்ல மறுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ஆம் ஆண்டு அறக்கொடைச் சட்டம் 1601-இன் நிழலிலிருந்து வெளியேறி, 13 அறநோக்கங்களைத் தானே பட்டியலிட்டது. சுற்றுச்சூழலைக் காத்தலும் மேம்படுத்தலும் அதில் ஒன்று; விலங்கு நலம் இன்னொன்று. 2011-ஆம் ஆண்டின் சட்டத்திலும் இவை அப்படியே தொடர்கின்றன. ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு.

இரண்டும் இரண்டு தனி நோக்கங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று உயிருள்ள தனி விலங்கின் வலியைப் பார்க்கிறது. மற்றது இனத்தையும் வாழிடத்தையும் பார்க்கிறது. 'பொது நன்மை' என்ற நிபந்தனை இரண்டுக்கும் பொது. எனவே 'மனிதனுக்கு என்ன பயன்' என்ற பழைய கேள்வி முற்றாக மறையவில்லை. குரல் தணிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பணம் எங்கிருந்து வருகிறது?

முதலாவதும் பெரியதுமான ஊற்று, இறந்தவர்கள். ஆர்.எஸ்.பி.சி.ஏ.யின் வருமானத்தில் பல ஆண்டுகளில் பாதிக்கு மேல் உயில் கொடையே. மரபுரிமை வரி விலக்கோடு, 2012 ஏப்ரல் முதல் இன்னொரு சலுகையும் உண்டு. நிகரச் சொத்தில் பத்தில் ஒரு பங்கையாவது தொண்டுக்குக் கொடுத்தால், எஞ்சிய பகுதிக்கான வரி 40 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாகக் குறைகிறது.

உயில் கொடை எப்போதும் பணமாக வரும் என்பதில்லை. எலிசபெத் ஸ்வென்ட்சன் 1969-இல் டெவன் மாவட்டத்தில் தொடங்கிய கழுதைச் சரணாலயத்துக்கு 1974-இல் ஒரு செய்தி வந்தது. றெடிங் அருகே கழுதைகளைப் பராமரித்து வந்த வயலற் பில்பின் என்ற பெண்மணி காலமாகி, தம்மிடமிருந்த 204 கழுதைகளை அவருக்கு விட்டுச் சென்றிருந்தார். கழுதை 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழும் பிராணி. அந்தச் சொத்து உண்மையில் பல பத்தாண்டுக் கடமை. இன்று உலகெங்கும் பணிசெய்யும் ஒரு பெரிய நிறுவனத்தின் வளர்ச்சி அந்தக் கடமையை ஏற்றுக்கொண்டதில் தொடங்கியது எனலாம்.

இரண்டாவது, உயிரோடிருப்பவர்களின் நன்கொடை. 1990-இல் தொடங்கிய 'கிஃப்ட் எய்ட்' திட்டப்படி, வருமானவரி கட்டும் ஒருவர் 1 பவுண் கொடுத்தால் அரசு 25 பென்ஸ் சேர்த்து நிறுவனத்துக்குத் தரும். தொடக்கத்தில் பெருந்தொகைகளுக்கு மட்டும் இருந்த இது, 2000 முதல் எந்தச் சிறுதொகைக்கும் பொருந்துகிறது. 2024 ஏப்ரல் முதல் பிரித்தானியத் தொண்டு நிறுவனங்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை உண்டு.

மூன்றாவது, பொதுப் பணம். 1994-இல் தேசிய லொத்தர் தொடங்கியபோது மரபுச் செல்வ நிதியமும் பிறந்தது. பழைய கோட்டைகளோடு சதுப்புநிலங்களும் புல்வெளிகளும் 'மரபுச் செல்வம்' என்ற பெயரில் அதிலிருந்து உதவி பெற்றன. 1992-இல் றியோ மாநாட்டில் பிரித்தானிய அரசு அறிவித்த டார்வின் திட்டம், வளரும் நாடுகளின் உயிர்ப்பல்வகைமைக்குப் பணம் கொடுத்தது. 1996-இல் குப்பை புதைக்கும் நிலங்களுக்கு வரி விதிக்கப்பட்டபோது, அதோடு ஒரு விசித்திரமான ஏற்பாடும் வந்தது. குப்பை நிறுவனம் வரியில் ஒரு பகுதியை அரசுக்குக் கட்டாமல், அருகிலுள்ள பகுதிகளின் சூழல் பணிகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் கொடுத்த தொகையில் 90 சதவீதம்தான் வரியில் கழியும். மீதிப் பத்து சதவீதத்தைப் பல வேளைகளில் உதவி பெறும் குழுவே வேறொரு கொடையாளரைத் தேடிப்பிடித்து நிறுவனத்துக்குக் கொடுக்கச் செய்ய வேண்டியிருந்தது. பணம் பெறுவதற்கே பணம் தேடும் வேலை.

நான்காவது, குடும்ப அறக்கட்டளைகள். எட்வர்ட் விட்லி தொடங்கிய விட்லி நிதியமும், வளரும் நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்குச் சிறுதொகைகளைப் படிப்படியாகக் கொடுக்கும் றஃபோர்ட் அறக்கட்டளையும் நல்ல எடுத்துக்காட்டுகள். முதல் உதவி, அது நன்றாகச் செலவானால் இரண்டாவது உதவி, பிறகு அதைவிடப் பெரியது என்ற றஃபோர்ட் முறை, பெயர் பெறாத இளைஞரும் வாசலில் கால் வைக்க இடமளிக்கிறது.

நிதியுதவியின் இலக்கணம்

நன்கொடைக்கும் 'கிராண்ட்' எனப்படும் நிதியுதவிக்கும் வேறுபாடு உண்டு. நன்கொடை கொடுப்பவரின் மனநிறைவோடு முடியலாம். நிதியுதவி என்பது ஓர் ஒப்பந்தம்: இன்ன வேலை, இன்ன காலம், இன்ன செலவு, இன்ன விளைவு என்று எழுதிக் கையொப்பமிட்டுப் பெறுவது. 'கட்டுப்பட்ட நிதி' குறித்த வேலைக்கு மட்டுமே செலவாக வேண்டும். வேறு செலவுக்குத் திருப்பினால் அறங்காவலர்கள் நம்பிக்கைத் துரோகம் செய்தவர்களாவர். 'கட்டற்ற நிதி' நிறுவனத்தின் எந்தத் தேவைக்கும் உதவும்.

கொடுப்பவர்கள் பெரும்பாலும் முன்னதையே விரும்புகிறார்கள். வேலி போட்டோம், நாய்களுக்குக் கருத்தடை செய்தோம், மரம் நட்டோம் என்று படத்தோடு காட்டலாம். கணக்காளர் சம்பளத்தையும் வாகனத்தின் காப்புறுதியையும் யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் அவை இல்லாமல் வேலியும் இல்லை, கருத்தடையும் இல்லை. 'இணைநிதி' என்ற நிபந்தனையும் உண்டு: பாதிச் செலவை வேறிடத்தில் திரட்டினால்தான் மீதியைத் தருவோம் என்பது. இரண்டு கொடையாளர்களும் மற்றவர் முதலில் கொடுக்கட்டும் என்று காத்திருந்தால் சிறிய குழு நடுவில் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலானது காலம். நிதியுதவிகள் பெரும்பாலும் ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை. கழுதைக்கு 30 ஆண்டுகள், யானைக்கு 60, காட்டுக்கு நூறு. மூன்றாம் ஆண்டு முடிவில் 'இனி இது தானே நடக்கும்' என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும். எழுதுபவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும், பசித்த விலங்கு தானே நடத்திக்கொள்ளாது என்று.

ஒரு பணம் காக்க, ஒரு பணம் கொல்ல

விலங்கு நலமும் இயற்கைப் பாதுகாப்பும் ஒன்றே என்று எண்ணுபவர்கள் ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவுகளில் நடந்ததை அறிய வேண்டும். 1974-இல் தென் யூயிஸ்ட் தீவுக்குத் தோட்டத்து நத்தைகளைக் கட்டுப்படுத்தச் சில முள்ளெலிகளைக் கொண்டுவந்தார்கள். அவை பெருகி, தரையில் கூடு கட்டும் ஆள்காட்டி, பவளக்காலி முதலிய பறவைகளின் முட்டைகளைத் தின்னத் தொடங்கின. 2003-இல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் முள்ளெலிகளைக் கொல்லும் திட்டத்தைத் தொடங்கியது. பறவைகள் பாதுகாப்புச் சங்கமும் கூட்டுத் திட்டத்தில் இருந்தது. விலங்கு நல ஆர்வலர்கள் எதிர்த்தெழுந்தனர். முள்ளெலியை உயிரோடு பிடித்துக் கொடுப்பவருக்குப் பரிசுப் பணம் கொடுத்து, பெருநிலத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே தீவில், ஒரே பிராணிக்காக, ஒரு கொடை கொல்லவும் மற்றொரு கொடை காக்கவும் செலவாயிற்று. 2007-இல் கொலைத் திட்டம் கைவிடப்பட்டு, இடம் மாற்றும் முறை ஏற்கப்பட்டது.

சில்லித் தீவுகளில் முடிவு வேறு. புனித அக்னஸ், கியூ என்ற இரு தீவுகளில் தரைப் பொந்துகளில் முட்டையிடும் கடற்பறவைகளை எலிகள் அழித்து வந்தன. லொத்தர் நிதியும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'லைஃப்' நிதியும் கொண்டு 2013 முதல் எலிகள் நஞ்சிட்டு ஒழிக்கப்பட்டன. 2016-இல் அத்தீவுகள் எலி அற்றவை என்று அறிவிக்கப்பட்டன. பறவைக் குஞ்சுகள் மீண்டும் பொரித்தன. எலிக்கும் வலி உண்டு என்று கேட்பவருக்குச் சூழலியலாளர் தரும் விடை, எலி அழியும் இனமன்று என்பது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தம் பணம் எந்தக் கேள்விக்கு விடை சொல்லப் போகிறது என்பதைக் கொடையாளர்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனிதரை விட்டு விலங்கா?

இந்தக் கேள்வி நம் வீடுகளிலும் எழுவதுதான். 2008-இல் நியூ பிலாந்த்ரபி கப்பிற்றல் என்ற ஆய்வு நிறுவனம் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. டெவன் கழுதைச் சரணாலயம் 2006-இல் பெற்றது 2 கோடி பவுண். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் மூன்று முக்கிய நிறுவனங்களின் மொத்த ஆண்டு வருமானம் 1 கோடியே 70 இலட்சம் பவுண். பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதின. கழுதை மேல் தவறில்லை. அடிபட்ட பெண்ணைக் கண்டால் சிக்கலான கேள்விகள் எழும் மனத்தில், கழுதையைக் கண்டால் இரக்கம் மட்டும் எழுகிறது. கொடைப் பணம் தேவையின் பின்னால் மட்டும் போவதில்லை, மனத்தின் பின்னாலும் போகிறது என்பதையே அந்த ஒப்பீடு காட்டியது.

விலங்குகளிலேயே இந்தப் பாகுபாடு உண்டு. நாய், பூனை, குதிரை, கழுதைக்குக் கொடுப்பவர்கள் பலர். எண்ணிக்கையில் பல மடங்கான பண்ணைக் கோழிக்கு இரங்குபவர்கள் குறைவு. அழகிய கண்கள் உள்ள யானைக்கு நிதி உண்டு. தவளைக்கும் வண்டுக்கும் தேடவேண்டும்.

உயில் கொடையில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. 2004-இல் காலமான ஒரு தாய், 17 வயதில் காதலனோடு வீட்டை விட்டுப் போன ஒரே மகளுக்கு எதுவும் வைக்காமல், ஏறத்தாழ 486,000 பவுண் சொத்தின் பெரும்பகுதியை மூன்று விலங்கு, பறவை நல நிறுவனங்களுக்கு எழுதி வைத்தார். மகளோ அரசு உதவியில் குடும்பம் நடத்துபவர். முதல் நீதிமன்றம் மகளுக்கு 50,000 பவுண் அளித்தது. 2015-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை வீடு வாங்கும் அளவுக்கு உயர்த்தியது. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பழைய 50,000 பவுணையே உறுதிசெய்தது. எழுதி வைத்தவரின் விருப்பத்துக்கும், கொடையையே நம்பி இயங்கும் நிறுவனங்களுக்கும் மதிப்பு உண்டு என்பது அதன் சாரம். ஆனால் மகளுக்கு ஒன்றுமே இல்லை என்றும் அது சொல்லவில்லை. உயில் எழுதும் நம்மவர்கள் இந்த வழக்கை நினைவில் வைப்பது நல்லது. கொடுப்பதற்கான காரணத்தைத் தெளிவாக எழுதி வைத்து, வீட்டாரிடம் உயிரோடிருக்கும்போதே பேசிவிட்டால் நிறுவனமும் குடும்பமும் நீதிமன்றப் படி ஏறத் தேவையில்லை.

தமிழ் மலைகளுக்கு வந்த பணம்

பிரித்தானியக் கொடை நம் மலைகளையும் எட்டியிருக்கிறது. ஆனைமலையின் வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகளும் தொழிலாளர்களும் ஒரே பாதையில் நடக்கிறார்கள். யானை எங்கே நிற்கிறது என்பதைக் குறுஞ்செய்தியாலும், கைத்தொலைபேசியால் ஏற்றி அணைக்கும் சிவப்பு விளக்குகளாலும் மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாட்டை உருவாக்கிய எம். ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருதும் 35,000 பவுண் நிதியும் கிடைத்தன. இது யானைக்கான பணமா, மனிதருக்கான பணமா என்று பிரிக்க முடியாது. அடுத்த வளைவில் யானை நிற்கிறது என்று தெரிந்த தொழிலாளி வீடு திரும்புகிறார். யானையும் வெடிச்சத்தத்துக்கு அஞ்சாமல் கடந்து போகிறது.

2002-இல் மார்க் ஷாண்ட் தொடங்கிய எலிஃபண்ட் ஃபமிலி என்ற நிறுவனம், இந்தியக் காட்டுயிர் அறக்கட்டளையோடு சேர்ந்து வயநாட்டின் திருநெல்லி வழித்தடத்தை யானைகளுக்கு மீட்கப் பணம் திரட்டியது. 2021-இல் அதே நிறுவனம் இலண்டன் பூங்காக்களில் நூற்றுக்கு மேற்பட்ட யானை உருவங்களை நிறுத்தியது. காட்டை ஆக்கிரமிக்கும் உண்ணிச்செடியின் தண்டுகளைக் கொண்டு நீலகிரிப் பழங்குடியினர் செய்த யானைகள் அவை. செய்தவர்களுக்குக் கூலி, காட்டுக்குக் களையெடுப்பு, யானைக்கு நிதி என்று ஒரே செயலில் மூன்றும் கிடைத்தன.

இந்தியாவுக்குப் பணம் அனுப்புவோர் அங்குள்ள வெளிநாட்டு நிதிச் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத நிறுவனம் வெளிநாட்டு நன்கொடை வாங்க முடியாது. 2020-இன் திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள நிறுவனமும் புதுடில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறித்த கிளையில் கணக்கு வைத்தே பணத்தைப் பெற வேண்டும். பெற்றதை வேறு நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுக்கக்கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பெரிய நிறுவனம் வாங்கிச் சிறிய கிராமக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழி இதனால் அடைபட்டது. ஊரில் தெருநாய்களுக்கு உணவிடும் தெரிந்தவர் ஒருவருக்கு உதவ நினைப்பவர்கள், பணத்துக்கு முன்னால் இந்த வழியை விசாரிக்க வேண்டும்.

கொடுப்பவர் கேட்க வேண்டியவை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எந்த நிறுவனத்துக்குக் கொடுப்பதற்கு முன்னும் அறக்கொடை ஆணையத்தின் பதிவேட்டைப் பார்க்கலாம். ஆண்டு வருமானம் 5,000 பவுணுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பொதுவாகப் பதிவு செய்தாக வேண்டும். வரவு செலவும் அறங்காவலர் பெயர்களும் அங்கே எவரும் பார்க்கக் கிடைக்கும். இருப்பு நிதி அதிகம் என்பதாலேயே ஒரு நிறுவனத்தைக் குறை கூற வேண்டாம். நூற்றுக்கணக்கான பிராணிகளுக்கு ஆயுள் முழுவதும் உணவளிக்கப் பொறுப்பேற்றவர்களுக்கு இருப்பு தேவை. நிர்வாகச் செலவு குறைவு என்பதாலேயே புகழவும் வேண்டாம்.

கேட்க வேண்டியவை வேறு. இந்த நிறுவனம் தனி விலங்கின் வலியைக் குறைக்கிறதா, இனத்தைக் காக்கிறதா? அதற்காக வேறு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் எனக்கு அது சம்மதமா? என் பணம் முடிந்த பிறகு அந்த வேலையை யார் செய்வார்கள்? உயிலில் எழுதுவதானால், நிறுவனத்தின் சரியான பெயரும் பதிவு எண்ணும் அதில் இருக்கின்றனவா? அந்த நிறுவனம் மறைந்துபோனால் அதை ஒத்த நோக்கத்துக்குப் பணம் போகும்படி வழி செய்யப்பட்டிருக்கிறதா?

முடிந்தால் கட்டற்ற நிதியாகக் கொடுங்கள். சிறிதானாலும் ஆண்டுதோறும் கொடுங்கள். மாதம் 5 பவுண் என்பது ஒரு சிறிய சரணாலயத்துக்கு அடுத்த மாதத் தீவனத்துக்கான உறுதி. மூன்று ஆண்டுத் திட்ட அறிக்கைகளால் கொடுக்க முடியாத உறுதி அது.

'மனிதனுக்கு என்ன பயன்' என்று கேட்டுக்கொண்டிருந்த சட்டம், 2006-இல் விலங்கு நலத்தையும் தன் பட்டியலில் எழுதிக்கொண்டது. பணம் இன்னும் மனிதரின் இரக்கத்தையும் மனிதரின் நாட்காட்டியையும் பின்பற்றியே நகர்கிறது. அந்த நாட்காட்டியைச் சற்று நீட்டிக் கொடுப்பது கொடுப்பவர்களின் கையில்தான் இருக்கிறது.